நாய்க்கு என்ன சாப்பாடு வாங்கலாம்? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பீகிளுக்கு இரண்டு வயது, எடை 10 கிலோ, கருத்தடை செய்தாயிற்று. பெட் ஷாப்பில் இரண்டு பாக்கெட்டைக் காட்டினார்கள். ஒன்று 3 கிலோ 750 ரூபாய்: புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12 சதவீதம். மற்றது 3 கிலோ 1,500 ரூபாய்: புரதம் 26, கொழுப்பு 15, நார் 4, ஈரம் 10. இரட்டிப்பு விலைக்கு அப்படி என்ன இருக்கிறது?
(வாசகி, செம்பூர்)

நல்ல வேளையாகப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். முன்பக்கத்தில் இருக்கும் கோழித் துண்டுப் படமும் 'பிரீமியம்' என்ற சொல்லும் உள்ளே இருப்பதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. பின்பக்கத்தில் முதலில் தேடவேண்டியது, இது 'முழுமையான, சமச்சீரான உணவு' என்ற வாசகத்தையும் எந்த வயது நாய்க்கு என்பதையும்தான். செல்லப்பிராணி உணவில் என்ன சத்து எவ்வளவு வேண்டும் என்று வகுக்கும் அமைப்புகளான அமெரிக்காவின் ஆஃப்கோ அல்லது ஐரோப்பாவின் ஃபெடியாஃப் வரையறைப்படி செய்தது என்றும் இருந்தால் நல்லது. 'துணை உணவு' என்றோ 'டிரீட்' என்றோ போட்டிருந்தால், எத்தனை சுவையாக இருந்தாலும் தினசரி உணவாக அது ஆகாது.

அடுத்தது சேர்மானப் பட்டியல். எடையில் அதிகமானது முதலில் வரும், ஆனால் அது சமைப்பதற்கு முந்தைய எடை. பச்சைக் கோழியில் கிட்டத்தட்ட 70 சதவீதம் தண்ணீர். அதனால் 'கோழி' என்று முதலில் எழுதிவிட்டு, வறண்டபின் அது நான்காவது இடத்துக்குப் போய்விடலாம். 'சிக்கன் மீல்' என்பது ஏற்கெனவே தண்ணீரும் கொழுப்பும் நீக்கிய பொடி. பெயர் கேட்கப் பிடிக்காவிட்டாலும், அது பட்டியலின் முதலில் இருந்தால் கோழிப் புரதம் உண்மையிலேயே நிறைய இருக்கிறது என்று பொருள். 'மீட் மீல்' என்று எந்த விலங்கு என்பதையே சொல்லாமல் போட்டிருப்பதை நான் வாங்கச் சொல்லமாட்டேன். இன்னொரு தந்திரத்தையும் கவனியுங்கள்: அரிசி, நொய், தவிடு, மக்காச்சோளம், மக்காச்சோள குளூட்டன் என்று தானியத்தை ஐந்தாகப் பிரித்து எழுதினால், ஒவ்வொன்றும் சிறியதாகிக் கோழிக்குக் கீழே இறங்கிவிடும். ஐந்தையும் மனதில் கூட்டிப் பாருங்கள்.

இனி உங்கள் எண்கள். ஈரத்தைக் கழித்துத்தான் புரதத்தை ஒப்பிட வேண்டும். முதல் பாக்கெட்டில் 20-ஐ 88-ஆல் வகுத்தால் 22.7 சதவீதம். இரண்டாவதில் 26-ஐ 90-ஆல் வகுத்தால் 28.9. வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ சொல்லும் குறைந்த அளவு 18. ஆக இரண்டுமே தேறிவிடும். ஆனால் பாக்கெட்டில் உள்ள 'கச்சாப் புரதம்' என்பது நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிய கணக்கு. அந்தப் புரதம் கோழியிலிருந்து வந்ததா, சோள குளூட்டனிலிருந்து வந்ததா, எவ்வளவு செரிக்கும் என்று அது சொல்லாது. அதற்குத்தான் சேர்மானப் பட்டியலையும் சேர்த்துப் படிக்கிறோம்.

மாவுச்சத்தைப் பெரும்பாலும் அச்சிடுவதில்லை, மற்றவற்றை நூறிலிருந்து நாமே கழித்துக் கண்டுபிடிக்கலாம். சாம்பல், அதாவது தாதுப்பொருள், சுமார் 8 என்று வைத்தால், முதலாவதில் 45 சதவீதம், இரண்டாவதில் 37. புரதத்துக்கும் மாவுக்கும் கிராமுக்கு 3.5 கலோரி, கொழுப்புக்கு 8.5 என்று கணக்கிட்டால் 100 கிராமில் முறையே சுமார் 312, 348 கலோரி. உங்கள் நாய்க்கு ஒரு நாளைக்கு 550 முதல் 630 வரை தேவைப்படும். நடுவில் 600 என்று கொள்வோம். முதலாவது 192 கிராம், நாளுக்கு 48 ரூபாய். இரண்டாவது 172 கிராம், 86 ரூபாய். கிலோ விலை இரு மடங்கு, நாள் விலை இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. பட்ஜெட் இடம் கொடுத்தால், பட்டியலில் சிக்கன் மீல் முதலில் இருக்கும் பட்சத்தில், இரண்டாவதை வாங்குங்கள். கையைக் கடித்தால் முதலாவதை வாங்கி, ஒன்றுவிட்டு ஒரு நாள் ஒரு வேகவைத்த முட்டை கொடுத்து, அன்றைக்கு 25 கிராம் உணவைக் குறையுங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை.

டம்ளரால் அளக்காதீர்கள். உருண்டையின் அளவுக்கேற்ப ஒரு டம்ளர் 20, 30 கிராம் வித்தியாசப்படும். சமையலறைத் தராசு போதும். கடைசியில் தீர்ப்புச் சொல்வது நாயின் உடம்புதான். விலாவைத் தடவினால், நம் கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தொடுவதுபோல எலும்பு தட்டுப்பட வேண்டும். முஷ்டி மடக்கிய கணுப்போலத் துருத்தினால் மெலிவு. அழுத்தித் தேட வேண்டியிருந்தால் கொழுப்பு. பீகிள் எவ்வளவு கொடுத்தாலும் தின்னும், ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள்.

நாங்கள் சைவம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கும் நாட்டு நாய், 15 கிலோ. தயிர் சாதமும் சில நாள் சாம்பார் சாதமும்தான் கொடுக்கிறோம், ஆசையாகச் சாப்பிடுகிறது. இது போதாதா?
(வாசகர், மாட்டுங்கா)

போதாது. எவ்வளவு போதாது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். இந்த நாய்க்குத் தினம் சுமார் 850 கலோரி வேண்டும். 200 கிராம் சாதத்துக்கு 100 கிராம் தயிர் என்று பிசைந்தால் 320 கலோரி, 9 கிராம் புரதம். 850 கலோரி வருமளவு கொடுத்தாலும் புரதம் 24 கிராம்தான் சேரும். தேவை 38 கிராமாவது. சுண்ணாம்புச்சத்து சுமார் 370 மில்லிகிராம் வரும். தேவை 1,060, அதாவது மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. துத்தநாகமும் தாமிரமும் வைட்டமின் டி-யும் பற்றாது. நாயின் தோலில் வெயில் பட்டு வைட்டமின் டி நம்மைப்போல் ஊறாது, உணவில்தான் வரவேண்டும். வயிறு நிறைந்து ஆசையாகச் சாப்பிடுவதால் இந்தக் குறை வெளியே தெரியாது. மாதங்கள் கழித்து முடி மங்குவதாகவும் தசை வற்றுவதாகவும் தெரியும்.

சாம்பார் சாதத்தை இன்றோடு நிறுத்துங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்தாலும் அந்த நச்சு போகாது, தினம் சிறிது சிறிதாகப் போனாலும் சேரும். புளி இன்னொரு காரணம். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுப்பதற்கு அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணம் என்று கருதுகிறார்கள். புளியில் அது ஏராளம்.

சைவ வீட்டில் நாய் வளர்க்க முடியாது என்று சொல்லவில்லை. பூனைக்கு இறைச்சி இல்லாமல் ஆகாது. நாய்க்கு அப்படி இல்லை. சரியாகச் சேர்த்த சைவ உணவில் அது நன்றாக இருக்கும். பச்சைப் புள்ளி போட்ட, 'முழுமையான உணவு' என்று எழுதிய ட்ரை ஃபுட் கிடைக்கிறது. அதில் மெத்தியோனின், டாரின் என்ற அமினோ அமிலங்களைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தயிர் சாதத்தை மேலே ஒரு சிறு கரண்டி, 80 கிராம் அளவு வையுங்கள். அது அன்றைய கலோரியில் பத்தில் ஒரு பங்கு. அதுவரை தாராளமாகக் கொடுக்கலாம், உப்பு போடாமல். வீட்டிலேயே முழுக்கச் சமைக்க விரும்பினால், கால்நடை மருத்துவரிடம் செய்முறையும் சத்துப் பொடியின் அளவும் எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

15 கிலோ மூட்டையாக வாங்கினால் கிலோவுக்கு நிறைய மிச்சம். எங்களிடம் 6 கிலோ பொமரேனியன் ஒன்றுதான். ஜூலையில் திறந்த மூட்டையை ஆகஸ்டில் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுகிறது. பெட் ஷாப்பில் லூஸாக வாங்கலாமா?
(வாசகி, டோம்பிவிலி)

உங்கள் நாய் செய்ததுதான் சரி. தினம் 115 கிராம் தின்னும் நாய்க்கு 15 கிலோ மூட்டை நான்கு மாதத்துக்கு மேல் வரும். திறந்த ட்ரை ஃபுட்டை நான்கு, மிஞ்சினால் ஆறு வாரத்துக்குள் முடிக்க வேண்டும். மும்பை மழைக்காலத்தில் நான்கு வாரமே அதிகம். உருண்டையின் மேல் தெளித்த கொழுப்பு காற்றுப் பட்டதும் சிக்கெடுக்கத் தொடங்கும். பழைய எண்ணெய் வாடை அடித்தால் அதுதான். ஈரம் ஏறினால் பூஞ்சை வரும். சில பூஞ்சைகள் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாது, கொதிக்க வைத்தாலும் போகாது. உணவை மறுத்தல், வாந்தி, கண்ணிலும் ஈறிலும் மஞ்சள் என்று தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு.

உங்களுக்கு 3 கிலோ பாக்கெட் போதும், 26 நாளில் தீரும். பாக்கெட்டைக் கத்தரித்து டப்பாவில் கொட்டாமல், பாக்கெட்டோடு காற்றுப்புகாத டப்பாவுக்குள் வையுங்கள். கொழுப்பைக் காக்கும் உள்ளுறை அதில் இருக்கிறது, தயாரிப்பு எண்ணும் காலாவதித் தேதியும் கையில் இருக்கும். டப்பாவில் கொட்டியே தீருவதென்றால், பழையது தீர்ந்தபின் கழுவி, முழுக்கக் காயவைத்துவிட்டுக் கொட்டுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழைய கொழுப்பு புதியதையும் கெடுக்கும். ஃபிரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுக்கும்போதெல்லாம் அதில் வியர்க்கும்.

லூஸ் வாங்கவே வாங்காதீர்கள். எந்த மூட்டை, எப்போது திறந்தது, என்ன தேதி என்று கடைக்காரரே சொல்ல முடியாது.

மூன்று மாத லேப்ரடார் குட்டி. பப்பி ஃபுட் கொடுக்கிறோம். எலும்பு உறுதியாக கால்சியம் சிரப்பும் கொடுக்கச் சொல்லி, விற்றவர் பாட்டிலும் தந்தார். எத்தனை மில்லி கொடுப்பது?
(வாசகர், முலுண்ட்)

ஒரு சொட்டும் வேண்டாம். பெரிய இனக் குட்டிகளுக்கு நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய தவறு இது. வளர்ந்த நாயின் குடல் வேண்டிய சுண்ணாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியேற்றும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வரவில்லை, கொடுப்பதில் பெரும்பகுதி உடம்புக்குள் போய்விடும். அதிகமானால் குருத்தெலும்பு சரியாக எலும்பாக மாறாமல், முன்கால் வளைந்து, மூட்டு வலித்து, குட்டி நொண்டும்.

'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று எழுதிய உணவாக வாங்குங்கள். அதில் ஈரம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பாஸ்பரஸைவிடச் சற்று அதிகமாக. புரதம் 22.5-க்குக் குறையக் கூடாது. 12 முதல் 18 மாதம் வரை இதையே தொடரலாம். இப்போது நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை, ஆறு மாதத்துக்குப் பின் இரண்டு வேளை. குட்டி குண்டாக இருப்பது ஆரோக்கியம் என்று அக்கம்பக்கத்தார் மெச்சுவார்கள், கேட்காதீர்கள். இடுப்பு மூட்டு பலவீனத்துக்குப் பெயர்போன இனம் லேப்ரடார். மெலிந்து, மெல்ல வளரட்டும்.

வெறும் சோறும் கோழியும் மட்டும் கொடுக்கும் வீடுகளில் நிலைமை நேர்மாறு. சதையில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் சொற்பம். அந்தக் குட்டிக்கு எலும்பு மெலிந்து சும்மா குதித்தாலே முறியும். அங்கே கால்சியம் கட்டாயம் வேண்டும், அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ஓயாமல் சொறிகிறது. கோதுமை ஒவ்வாமை, 'கிரெயின் ஃப்ரீ' வாங்குங்கள் என்கிறார்கள்.
(வாசகி, அந்தேரி)

முதலில் உண்ணி, தெள்ளு, மழைக்காலப் பூஞ்சை இவற்றைப் பார்த்து நீக்குங்கள். பெரும்பாலும் அங்கேயே விடை கிடைக்கும். உணவு ஒவ்வாமையாகவே இருந்தாலும் நாய்களில் அதிகம் காண்பது மாட்டிறைச்சி, பால் பொருள், கோழி. கோதுமை அவற்றுக்குப் பின்னால்தான். உறுதி செய்ய ஒரே வழி, நாய் இதுவரை தின்றிராத ஒரு புரதமும் ஒரு மாவுப்பொருளும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பது. இடையில் ஒரு பிஸ்கட், சுவையூட்டிய ஒரு மாத்திரை போனாலும் கணக்கு கெட்டுவிடும். எட்டு வாரம் கழித்துப் பழைய உணவைக் கொடுத்து அரிப்பு திரும்புகிறதா என்று பார்த்தால்தான் சோதனை முடிந்தது.

தானியமில்லாத உணவில் பட்டாணியும் பருப்பும் முன்வரிசையில் இருக்கும். இத்தகைய உணவுகளுக்கும் இதயம் விரிந்து அதன் தசை பலவீனமாகும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2018-ல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் தேவையில்லாமல் அதிக விலை கொடுத்து அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

உணவை மாற்றினாலே பேதி ஆகிறது.
(வாசகர், தாராவி)

ஒரே நாளில் மாற்றியிருப்பீர்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பின் இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுதும். மலம் இளகினால் முந்தைய படிக்குத் திரும்பி இரண்டு நாள் நில்லுங்கள். ரத்தமோ வாந்தியோ சோர்வோ சேர்ந்தால் அது உணவு மாற்றத்தால் மட்டும் வந்ததாக இருக்காது. குட்டியாக இருந்தால் பார்வோ வைரஸாகவும் இருக்கலாம், காத்திருக்க வேண்டாம்.

12 வயது ஆகிவிட்டது. சிறுநீரகம் கெடாமலிருக்கப் புரதத்தைக் குறைக்கலாமா?
(வாசகி, சயான்)

வயதை மட்டும் வைத்துக் குறைக்காதீர்கள். கிழ நாய்க்குத் தசை வற்றும். அதைப் பிடித்து வைக்க நல்ல புரதம் முன்னைவிடக் கூடுதலாகவே வேண்டும். ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) சிறுநீரில் அடர்த்தியும் புரதமும் பார்த்து, சிறுநீரக நோய் உறுதியானால்தான் அதற்கான உணவு. அந்த உணவில் பாஸ்பரஸைக் குறைப்பதும் புரதத்தைக் குறைப்பது போலவே முக்கியம். உங்களுக்குப் பக்கம் பரேலில் பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. காலையில் முதலில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து எடுத்துப் போங்கள். அடர்த்தி பார்க்க அதுதான் ஏற்றது.