பூ முடிந்த பின் இலையை வெட்டலாமா?

கேள்வி: எங்கள் தோட்டத்தில் நட்ட டாஃபடில், டியூலிப், குரோக்கஸ் ஆகியவை சென்ற வசந்தத்தின் தொடக்கத்தில் அழகாகப் பூத்தன. பூக்கள் வாடியதும் இலைகள் அலங்கோலமாகத் தெரிந்ததால் அடியோடு வெட்டிவிட்டேன். இந்த ஆண்டு டாஃபடிலில் இலைகள் மட்டுமே வந்துள்ளன. டியூலிப்பில் ஒற்றை இலைதான். மண்ணுக்குள் வெங்காயம் போலிருக்கும் அவற்றின் குமிழங்கள் அழுகிவிட்டனவா?

பதில்: அழுகவில்லை, பட்டினி கிடக்கின்றன. நீங்கள் முதல் ஆண்டு கண்ட பூ, குமிழத்தை வாங்கும்போதே அதனுள் உருவாகியிருந்த பூ. இலையுதிர் காலத்தில் ஒரு டாஃபடில் குமிழத்தை நெடுக்காகப் பிளந்து பார்த்தால், வெங்காயம் போன்ற வெண்ணிற அடுக்குகளின் நடுவே, இளம்பச்சைத் தளிர் சுற்றியிருக்க, சின்னஞ்சிறு மொட்டு உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அடுத்த ஆண்டுக்கான அந்த மொட்டு கோடையில் உருவாவதற்குத் தேவையான உணவை, பூ வாடிய பிறகு வெயிலில் நிற்கும் இலைகளே தயாரித்துக் குமிழத்துக்கு அனுப்புகின்றன. அந்த இலைகளைத்தான் நீங்கள் வெட்டிவிட்டீர்கள்.

ஆகவே இம்முறை, குறைந்தது 6 வாரங்களாவது இலைகளைத் தொடாதீர்கள். நேர்த்தியாக இருக்கட்டும் என்று பலர் அவற்றை முடிச்சுப் போடுகிறார்கள். ஒளி படும் பரப்பு குறைந்துவிடுவதால் அதுவும் வேண்டாம். இனிமேல் பூக்கும்போது, வாடிய பூவை மட்டும் விதை பிடிக்கும் முன் கிள்ளிவிடுங்கள். புல்தரையில் குரோக்கஸ் இருந்தால், அதன் மெல்லிய இலைகள் மஞ்சளாகும்வரை அங்கே புல் வெட்டும் இயந்திரம் ஓடக்கூடாது. இலைகளின் அலங்கோலம் உறுத்தினால், வசந்தத்தின் பிற்பகுதியில் தழைக்கும் பல்லாண்டுச் செடிகளை அருகில் நட்டு மறைக்கலாம்.

டாஃபடில் ஓரிரு ஆண்டுகளில் தேறிவிடும். டியூலிப் அப்படியல்ல, அதன் தாய்க் குமிழம் ஒவ்வோர் ஆண்டும் கரைந்து, பக்கத்தில் சேய்க் குமிழங்களை விட்டுச்செல்கிறது. அவை போதுமான அளவு பருக்காவிட்டால் ஒற்றை இலையோடு நின்றுவிடும் என்பதால், டியூலிப்பை மட்டும் வரும் இலையுதிர் காலத்தில் புதிதாக வாங்கி, குமிழத்தின் உயரத்தைப் போல் மூன்று மடங்கு ஆழத்தில் நடுவதே நல்லது என்பேன்.

எப்போது நீக்கலாம் என்பதை இலையே காட்டிக்கொடுக்கும்: நன்றாக மஞ்சளாகிச் சாய்ந்த பின், இரு விரலால் மெல்ல இழுத்தாலே அது மண்ணிலிருந்து விடுபட்டுக் கையோடு வந்துவிடும்.