பிளேயர் – டிவி கலர் செட்டிங்: கேள்வி பதில்

கே: லேப்டாப்ல இருந்து எச்டிஎம்ஐ வழியா படம் போட்டா கருப்பெல்லாம் சாம்பல் பூத்தாப்ல இருக்கு. அதே ஃபைல யூஎஸ்பில போட்டா டிவில சூப்பரா வருது. டிவி போயிடுச்சா?

ப: டிவி நல்லாத்தான் இருக்கு. படம், சீரியல்னு வர்ற வீடியோ கிட்டத்தட்ட எல்லாமே 8 பிட்ல (0ல இருந்து 255 வரைக்கும் உள்ள நம்பர்ல) கருப்பு 16ல ஆரம்பிச்சு வெள்ளை 235ல முடியுற மாதிரி இருக்கும், அதுதான் லிமிடெட். கம்ப்யூட்டர் டெஸ்க்டாப் 0ல இருந்து 255 வரைக்கும், அது ஃபுல். உங்க லேப்டாப் லிமிடெட்ல அனுப்புது, டிவி அத ஃபுல்னு எடுத்துக்கிட்டு 16அ அப்படியே 16ஆ காட்டுது, அதான் சாம்பல். இதுவே தலைகீழா நடந்தா இருட்டு சீன்ல கருப்பு கோட்டும் பின்னாடி இருக்கற சுவரும் ஒண்ணா ஒட்டிப்போயிடும். டிவில அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு பிளாக் லெவல்னு ஒரு செட்டிங் இருக்கும், சாம்சங்ல லோன்னா லிமிடெட், நார்மல்னா ஃபுல். சோனில வீடியோ ரேஞ்ச்னு நேராவே போட்டிருப்பான். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதான். அத பாக்காம பிரைட்னஸ கொறச்சு சரி பண்ணாதீங்க, தயவுசெஞ்சு. கருப்பு சரியான மாதிரி தெரியும், வெள்ளை மங்கிடும்.

கே: பழைய டிவிடி ரிப்ல மட்டும் முகமெல்லாம் ஆரஞ்சா, புல்லு வேற பச்சையா தெரியுது அண்ணா.

ப: நல்ல கேள்வி. டிவிடி காலத்து வீடியோவோட கலர் ஸ்டாண்டர்ட் பிடி 601, எச்டி வந்தப்புறம் பிடி 709. ரெண்டுலயும் ஆர்ஜிபிக்கு (சிவப்பு, பச்சை, நீலத்துக்கு) மாத்துற கணக்கு வேற. ஃபைல்ல எந்த ஸ்டாண்டர்ட்னு சொல்ற டேக் இல்லன்னா நெறைய பிளேயருங்க ரெசல்யூஷன பாத்து ஊகிக்கும், அதனால யாராவது டிவிடிய 1080க்கு பெருசாக்கி கலர மாத்தாம டேக்கும் போடாம விட்டிருந்தா பிளேயர் 709னு நெனச்சுக்கும். மீடியாஇன்ஃபோங்கற சாஃப்ட்வேர்ல தொறந்து மேட்ரிக்ஸ், அதாவது அந்த கணக்கு, என்னனு பாருங்க, எம்பிவி பிளேயர் வச்சிருந்தா அந்த ஃபைலுக்கு மட்டும் 601னு கையால சொல்லிடலாம்.

கே: எல்லாத்தையும் ஃபுல்ல வச்சா முடிஞ்சது. 256 ஷேடு கெடைக்கறப்ப எதுக்கு 220 போதும்னு இருக்கணும்?

ப: ஃபைல்லயே இருக்கறது 220தான். அத 256க்கு இழுத்தா நடுநடுவுல ஓட்டை விழும், புதுசா ஷேடு பொறக்காது. டிதர் பண்ணாத (ஷேடு மாறுற எடத்துல பொடிப்புள்ளி தூவி மறைக்காத) பிளேயரா இருந்தா சாயங்கால வானத்துல கோடுகோடா பட்டை தெரியும். வீடியோ மட்டும் ஓடுற பெட்டிக்கு கடைசி வரைக்கும் லிமிடெட்டே வைங்க.

கே (அவரே): அப்போ கேம் கன்சோல்ல ஏன் ஃபுல் ஆப்ஷன் குடுக்கறான்?

ப: கேம் பொறக்கறதே 0–255ல. டிவி ஒழுங்கா ஃபுல் வாங்குதுன்னா அங்க தாராளமா வைங்க. நான் சொல்றது வீடியோவுக்கு.

கே (இன்னொருத்தர்): நானும் ஃபுல் கட்சி. மாத்துனதும் படம் பளிச்னு ஆச்சு, கண்ணால பாத்தேன்.

ப: பளிச்னு ஆனதே உங்க டிவி இன்னும் லிமிடெட்ல இருக்குங்கறதுக்கு அடையாளம். நிழலுக்குள்ள இருந்த விவரத்த வெட்டிட்டீங்க, அதான் கான்ட்ராஸ்ட் ஏறுன மாதிரி தெரியுது. கருப்பு லெவல் டெஸ்ட் பேட்டர்ன் போடுங்க: 16ம் அதுக்கு கீழயும் தெரியக்கூடாது, 17, 18 பட்டை இருட்டு ரூம்ல லேசா தெரியணும். வெள்ளை பக்கம் 234 பட்டை 235ல இருந்து பிரிஞ்சு தெரியணும். இருபதுக்கு கீழ எதுவுமே தெரியலன்னா வாதத்துக்கே வேலை இல்ல.

கே: படம் வெளுத்துப்போய் இருக்கு, என்ன பண்ண?

ப: மேல முதல் பதில்ல சொன்னதுதான், அத பாருங்க.

கே: எனக்கும் வெளுத்துதான் இருக்கு, ஆனா 4கே ஃபைல்ல மட்டும்.

ப: இது வேற. அது எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமா இருக்கற) ஃபைல், உங்க டிவி சாதா எஸ்டிஆர். எச்டிஆரோட பிடி 2020 கலரும், வெளிச்சத்த நம்பரா மாத்துற பிக்யூ வளைவும் மாறாம அப்படியே வந்தா சோகை பிடிச்ச மாதிரிதான் இருக்கும். டோன் மேப்பிங் பண்ற, அதாவது எச்டிஆர எஸ்டிஆர் அளவுக்கு சுருக்கற பிளேயர் வேணும், எம்பிவி தானாவே பண்ணும். பிரைட்னஸ்ல கை வைக்காதீங்க.

கே: 4கே 60ல 10 பிட் ஆர்ஜிபி செலக்ட் ஆகவே மாட்டேங்குது.

ப: எச்டிஎம்ஐ 2.0ன்னா செகண்டுக்கு 18 ஜிகாபிட்தான், அதுல அது போகாது. 4:2:2 (கலர் விவரத்த பாதியா கொறச்சு அனுப்புற முறை) வைங்க, 10 பிட் வரும். படமே அதவிட கொறஞ்ச 4:2:0ல இருக்கறதால கண்ணுக்கு ஒண்ணும் கொறையாது.

கே: சவுண்ட்பார் லிப் சிங்க் ஆகல.

ப: ஆடியோ எனக்கு அவ்வளவா வராதுங்க, அந்த ஆளுங்கள கேளுங்க.

கே: விவிட் மோட்ல பிரைட்னஸ 70 வச்சிருக்கேன், இருந்தாலும் வெளுப்பா...

ப: பிரைட்னஸ கம்பெனி வச்ச எடத்துக்கே கொண்டு போங்க. விவிட எடுத்துட்டு சினிமா மோட், வார்ம் டோன் வைங்க. அப்புறம் பிளாக் லெவல் ரெண்டு பக்கமும் என்ன காட்டுதுன்னு எழுதுங்க, பாக்கலாம்.