மூன்று நாளில் ஏற்பு, இரண்டு நாளில் பணம்: இந்த ஆய்விதழை நம்பலாமா?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழக விதி. ஒரு முகவர் மூலம் அனுப்பிய கட்டுரை மூன்றே நாளில் ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்துள்ளது. இரண்டு நாளுக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். இதழின் இணையதளத்தில் ஐஎஸ்எஸ்என் எண், டிஓஐ, இம்பாக்ட் ஃபாக்டர் எல்லாம் இருக்கின்றன. ஆய்விதழ்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியலிடும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் வருவது உறுதி என்கிறார் முகவர். பணம் கேட்பதாலேயே இதைப் போலி என்று சொல்லிவிடலாமா? இதே இதழில் வந்த சில கட்டுரைகளை ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். அவற்றை நீக்க வேண்டுமா?

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தருபவை அந்த மூன்று நாளும், உறுதி என்று முகவர் கொடுத்த வாக்கும்தான். கட்டணத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் துறையில் பணியாற்றும் இருவரோ மூவரோ கட்டுரையைப் படித்துக் குறைகளைச் சொல்லி, நீங்கள் திருத்தி, திருத்தியதை அவர்கள் மீண்டும் பார்ப்பதைத்தான் சக ஆய்வாளர் மதிப்பீடு என்கிறோம். பெரும்பாலும் ஊதியம் இல்லாமல், சொந்த வேலைகளுக்கு நடுவே இதைச் செய்கிறார்கள் என்பதால் வாரக்கணக்கிலும், பல துறைகளில் மாதக்கணக்கிலும் ஆகும். முடிவு எப்படி இருக்கும் என்று இதழின் ஆசிரியருக்கே முன்கூட்டித் தெரியாத ஒன்றை, வெளியில் இருக்கும் ஒருவர் உறுதி சொல்லி விற்கிறார் என்றால், அங்கே மதிப்பீடு நடக்கவில்லை, அல்லது அதையும் யாரோ விலைக்கு வாங்கியிருக்கிறார்கள்.

ஏற்புக் கடிதத்துடன் மதிப்பீட்டு அறிக்கை ஏதாவது வந்திருந்தால் அதை நிதானமாகப் படியுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்தவர் எழுதிய அறிக்கை என்றால், எந்த அட்டவணை புரியவில்லை, மாதிரிகளை ஏன் இப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், யாருடைய முந்தைய ஆய்வை விட்டுவிட்டீர்கள் என்று உங்கள் கட்டுரைக்கு மட்டுமே பொருந்தும் கேள்விகள் அதில் இருக்கும். நன்றாக உள்ளது, மொழிநடையைச் சற்றுச் செம்மைப்படுத்தவும் என்ற அளவில் எந்தக் கட்டுரைக்கும் பொருந்துகிற நான்கு வரிகள் வந்திருந்தால், யாரும் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, இதழின் தளத்தில் நீங்கள் பார்த்த எண்கள். ஒரு இதழ் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதை அதன் தளத்திலேயே சரிபார்க்க முடியாது. அந்தத் தகுதியைக் கொடுத்ததாகச் சொல்லப்படும் அமைப்பிடம் போய்த்தான் பார்க்க வேண்டும். ஐஎஸ்எஸ்என் என்பது தொடர்ந்து வெளிவரும் எந்த இதழுக்கும் கேட்டால் கிடைக்கும் எட்டு இலக்க அடையாள எண். தரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. டிஓஐ என்பது கட்டுரைக்கான நிலையான இணைய முகவரி. அதுவும் உள்ளே இருப்பது சரியா தவறா என்று சொல்வதில்லை. இம்பாக்ட் ஃபாக்டர் என்று ஆய்வுலகம் பொதுவாகக் குறிப்பிடுவது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் தன் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வெளியிடும் எண்ணை. முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஓர் இதழில் வந்த கட்டுரைகளை இந்த ஆண்டு எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை, அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்து அதைக் கணக்கிடுகிறார்கள். ஆகவே தொடங்கி ஓராண்டுகூட ஆகாத இதழுக்கு அது இருக்க வழியில்லை. ஆனால் அதே போன்ற பெயரில், கேட்டவர்களுக்கெல்லாம் ஏதோ ஓர் எண்ணைக் கொடுக்கும் நிறுவனங்கள் பல முளைத்திருக்கின்றன. உங்கள் இதழ் எந்த நிறுவனத்தின் எண்ணைப் போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

ஸ்கோபஸ் பட்டியலை யாரும் இலவசமாகத் தேடலாம். பெயரை மட்டும் தேடாமல், ஐஎஸ்எஸ்என் எண், பதிப்பாளர் பெயர், எந்த ஆண்டு வரை அந்த இதழ் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள். முகவர்கள் காட்டும் திரைப்பிடிப்புகளில் (ஸ்கிரீன்ஷாட்) அந்தக் கடைசி விவரம் பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். என்றோ நீக்கப்பட்ட இதழ்கூட அப்படிக் காட்டினால் இன்றும் இருப்பதுபோல் தோன்றும். இதைவிட மோசமானது கடத்தப்பட்ட இதழ். நல்ல பெயருள்ள ஓர் இதழின் தலைப்பையும் ஐஎஸ்எஸ்என் எண்ணையும் எடுத்துக்கொண்டு, வேறு யாரோ நடத்தும் போலித் தளம் அது. அங்கே கட்டும் பணம் உண்மையான இதழுக்குப் போவதே இல்லை. ஸ்கோபஸ் பட்டியலுக்குள்ளேயே இத்தகைய போலிகளின் கட்டுரைகள் நுழைந்திருக்கின்றன. எனவே இதழின் உண்மையான தளம் எது என்பதை ஐஎஸ்எஸ்என் அமைப்பின் தளத்திலும் பாருங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் என்ற, இதழ்கள் நீக்கிய கட்டுரைகளைக் கண்காணிக்கும் அமைப்பு, கடத்தப்பட்ட இதழ்களுக்கென்றே ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. அதையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

ஆசிரியர் குழுவில் பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் பெயர்கள் இருப்பதும் சான்று ஆகாது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் போலந்து ஆய்வாளர்கள் சிலர், தகுதியே இல்லாத ஒரு கற்பனைப் பேராசிரியரை உருவாக்கி, 360 இதழ்களுக்கு ஆசிரியர் பதவி கேட்டு விண்ணப்பம் அனுப்பினார்கள். 48 இதழ்கள் அவரைச் சேர்த்துக்கொண்டன. குழுவில் உள்ள இருவருக்கு அவர்களுடைய பல்கலைக்கழக மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். தங்கள் பெயர் அங்கே இருப்பதே தெரியாது என்று பதில் வந்தால் வேறு சான்று வேண்டியதில்லை.

இனி கட்டணம். பணம் கேட்பதாலேயே ஓர் இதழைப் போலி என்று ஒதுக்குவது தவறு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், இந்த ஒரே அளவுகோலை வைத்து நல்ல இதழ்களைத் தவிர்த்துவிட்டு, கட்டணமே இல்லை என்று அழைக்கும் மோசமான இடங்களில் போய் விழும் மாணவர்கள் இருக்கிறார்கள். படிப்பவரிடம் சந்தா வாங்காமல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடும் திறந்த அணுக்க இதழ்கள், அந்தச் செலவைக் கட்டுரையாளரிடமிருந்தோ அவருடைய நிறுவனத்திடமிருந்தோ பெறுவது முறையான நடைமுறைதான். 2013-இல் சயின்ஸ் இதழுக்காக ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்க இதழ்கள் 304-க்கு அனுப்பியபோது 157 இதழ்கள் அதை ஏற்றன. கட்டணம் வாங்கும் ப்ளாஸ் ஒன் இதழோ கவனமாகப் படித்து நிராகரித்தது. ஆகவே கட்டணம் எப்போது தெரிவிக்கப்படுகிறது, யாருக்குப் போகிறது என்பவைதான் முக்கியம். முறையான இதழில் தொகை எவ்வளவு என்பது நீங்கள் அனுப்பும் முன்பே தளத்தில் தெளிவாக இருக்கும். கட்ட இயலாதவர்களுக்கான சலுகை விதிகளைப் பல இதழ்கள் அங்கேயே எழுதியிருக்கும். ஏற்பா நிராகரிப்பா என்று முடிவு செய்கிறவரின் கைக்குப் பணம் தொடர்பான பேச்சு போகாது. பதிப்பகத்தின் பெயரில் ரசீது வரும். ஏற்புக் கடிதத்தோடு முதன்முறையாகத் தொகை முளைப்பதும், தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்வதும், இரண்டு நாள் கெடு வைப்பதும் வேறு வகை. உங்களுடையது அந்த வகை. அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஓமிக்ஸ் குழுமத்துக்கு எதிராக 2019-இல் 5 கோடி டாலருக்கும் மேலான தொகைக்குத் தீர்ப்பு வந்தது. கட்டணத்தைக் கட்டுரையாளர்களிடம் முன்கூட்டித் தெளிவாகச் சொல்லாததும், கட்டுரையைத் திரும்பப் பெற விடாததும், சம்மதமின்றி அறிஞர்களின் பெயர்களைப் பயன்படுத்தியதும் அந்த வழக்கின் முக்கியக் குற்றச்சாட்டுகள்.

முகவர்களைப் பற்றிக் கடுமையாகவே சொல்கிறேன். மொழிநடையைத் திருத்திக் கொடுப்பவரிடம் கூலி கொடுத்துத் திருத்திக்கொள்வதில் பிழை இல்லை. இதழுக்கும் உங்களுக்கும் இடையில் நின்று கட்டுரையை அனுப்புகிறவர், ஆசிரியரோடு பேசுகிறவர், இடம் பிடித்துத் தருகிறேன் என்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். பணம் கைக்கு வரும்வரை இதழின் பெயரையே சொல்லாத முகவர்கள் உண்டு. முதல் கட்டுரையாளர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை என்று எழுதாத கட்டுரையில் பெயர் சேர்க்கும் கூட்டமும் உண்டு. அவர்கள் கையில் நீங்கள் கொடுக்கும் கட்டுரை நாளை யாருடைய பெயரில் வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 2017-இல் ட்யூமர் பயாலஜி என்ற இதழில் வந்த 107 கட்டுரைகளை ஸ்ப்ரிங்கர் நிறுவனம் மொத்தமாகத் திரும்பப் பெற்றது. மதிப்பீட்டாளர்களின் பெயரில் போலி மின்னஞ்சல் முகவரிகள் கொடுத்து மதிப்பீட்டையே ஏமாற்றியிருந்தார்கள். இப்படிப்பட்ட ஏமாற்றை முகவர் செய்தாலும், நீக்கப்பட்ட கட்டுரையின் தலைப்பில் நிற்பது உங்கள் பெயர்தான்.

பெரிய பதிப்பகம் என்றால் கவலை இல்லை என்றும் நினைக்காதீர்கள். பொஹானன் அனுப்பிய கட்டுரையை ஏற்ற இதழ்களில் எல்செவியர், சேஜ் போன்றவர்கள் வெளியிட்டவையும் இருந்தன. வைலி நிறுவனம் 2021-இல் வாங்கிய ஹிந்தாவி பதிப்பகத்தின் இதழ்களிலிருந்து 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் நீக்கப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சிறப்பிதழ்கள் என்ற பெயரில் வந்தவை. இத்தனைக்குப் பிறகும் கட்டுரைகளைப் படிக்காமல் எண்ணிக்கொண்டிருக்கும் கல்வி நிறுவனங்களைப் பற்றி எனக்குப் பொறுமை இல்லை. எத்தனை கட்டுரை, எந்தப் பட்டியல் என்று மட்டும் கேட்டு, எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு நாள்கூடச் சொல்லிக்கொடுக்காமல், இதழ் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் பழியை மாணவர் தலையில் போடுவது அநியாயம். முகவர்களுக்குச் சந்தையைத் திறந்துவிட்டது அந்த எண்ணிக்கைதான்.

இப்போது செய்ய வேண்டியது: கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன், பதிப்பிக்க என் சம்மதம் இல்லை என்று முகவருக்கு அல்லாமல் இதழின் முகவரிக்கு நேரடியாக எழுதி, நகலை உங்கள் நெறியாளருக்கும் அனுப்புங்கள். வந்த கடிதங்களையும் தளத்தின் பக்கங்களையும் தேதியோடு சேமித்து வையுங்கள். திரும்பப் பெறுவதற்கும் கட்டணம் கேட்பார்கள், அதையும் கொடுக்காதீர்கள். பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலைப் பல்கலைக்கழக நூலகரிடமோ சட்டப் பிரிவிடமோ காட்டிவிடுங்கள். திரும்பப் பெற்ற பின்பு வேறு இதழுக்கு அனுப்பும்போது, நடந்ததை அந்த ஆசிரியருக்கு இரண்டு வரியில் மறைக்காமல் எழுதுங்கள். உங்களைக் கேட்காமலே பழைய தளத்தில் கட்டுரை வந்துவிட்டால், அந்த வரிகளும் சேமித்த கடிதங்களும்தான் உங்களைக் காக்கும்.

மேற்கோள்களை மொத்தமாக நீக்க வேண்டாம், ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில், அந்தக் கட்டுரை எதுவும் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் தேடுங்கள். 2023 முதல், டிஓஐ எண்களைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக அது எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பிறகு, அதே கருத்தைச் சொல்லும் நம்பகமான வேறு ஆய்வு இருந்தால் மாற்றிவிடுங்கள். பொதுவான பின்னணிக்காகக் காட்டிய மேற்கோள்களுக்கு எளிதில் மாற்று கிடைத்துவிடும். வேறெங்கும் இல்லாத தரவுக்காகத்தான் ஒரு கட்டுரையைக் காட்டியிருக்கிறீர்கள் என்றால், அதன் ஆய்வு முறையை முழுவதும் படித்துப் பார்த்து, இந்த இதழின் மதிப்பீட்டு முறை உறுதிப்படுத்தப்படாதது என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். உங்கள் முடிவுகளில் ஏதாவது அந்த ஒரு தரவின் மேல் மட்டுமே நிற்கிறதென்றால், அந்த முடிவை நெறியாளரோடு பேசி ஆய்வேட்டைக் கொடுப்பதற்கு முன்பே திருத்திவிடுங்கள். தேர்வாளர் முதலில் கேட்கப்போகும் இடம் அதுவாக இருக்கும்.