ஒரே பொருளை இரண்டு முறை பார்ப்பது: வளர்பருவக் கதைகளை வகுப்பில் பேசுவது எப்படி?

கேள்வி: மேலூர் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பீரியட் நூலக வாசிப்பு. ஏதோ ஓர் அனுபவத்தில் அடிபட்டு, சிறுவனோ சிறுமியோ பெரியவராகிற கதைகளாக எடுக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் வாசித்து முடித்ததும் "இதுல என்னதான் டீச்சர் நடந்துச்சு?" என்கிறார்கள். நானும் வேறு வழியில்லாமல் ஒரு நீதியைச் சொல்லி முடித்துவிடுகிறேன். எந்தக் கதைகளை, எந்த வரிசையில் கொடுக்கலாம்? பிள்ளைகளை எப்படிப் பேசவைப்பது?

பதில்: உங்கள் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்விதான். இந்த வகைக் கதைகளில் வெளியே பெரிதாக ஒன்றும் நடக்காது. நடப்பதெல்லாம் பார்வையில். பார்வை மாறியதைக் கையால் தொட்டுக் காட்ட முடியாததால்தான் நாம் நீதிக்குத் தாவுகிறோம். அதனால் முதலில் கையில் பிடிக்கிற மாதிரி ஒன்றைக் கொடுங்கள். கதையில் இரண்டு முறை வருகிற ஒரு பொருளைத் தேடச் சொல்லுங்கள். பொருள் மாறியிருக்காது, அதைப் பார்க்கிற கண் மாறியிருக்கும். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, முதலில் எப்படித் தெரிந்தது என்று இடப்பக்கமும், பிறகு எப்படித் தெரிந்தது என்று வலப்பக்கமும் எழுதச் சொல்லுங்கள். நடுவில் என்ன நடந்தது என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இதற்குத் தோதான கதை கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு'. கதை சொல்பவர் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறவர். ஒருமுறை இரண்டு பிள்ளைகளுக்கு டைரி கொடுக்கிறார்; சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் அழவில்லை, சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்று விடாமல் கேட்கிறான். போனால், உட்காரவைத்துச் சாப்பிடக் கொடுத்துவிட்டு, ஒரு டைரியை எடுத்து நீட்டி எழுதித் தரச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்று கேட்டால், தனக்குப் பிரியத்தோடு அன்பளித்ததாக எழுதச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை.

இங்கே டைரிதான் இரண்டு முறை வருகிற பொருள். முதல் முறை அது பெரியவர் கையிலிருந்து போகிற சாதாரணப் பரிசு. இரண்டாம் முறை ஒரு பையனே தனக்காக எடுத்து நீட்டுகிற பரிசு. இதைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் கதையில் வளர்ந்தது யார்? எல்லோரும் சாரங்கன் என்பார்கள். கொஞ்சம் பொறுத்திருங்கள், யாராவது ஒரு பிள்ளை "அந்தப் பெரியவருதான்" என்று சொல்லும். வயதுக்கு வருவது பதினாறு வயதுக்காரர்களின் சங்கதி மட்டும் இல்லை என்பது அவர்கள் வாயிலிருந்தே வந்துவிட்டால், அப்புறம் நீதி சொல்லும் வேலை உங்களுக்கு மிச்சம்.

அடுத்து சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. வத்தலக்குண்டுக்காரர் எழுதியது, 1959-இல் நூலாக வந்தது, ஒரே மூச்சில் படித்துவிடலாம். அலங்காநல்லூர், பாலமேடு என்று காதில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்குச் சொற்களே துள்ளும். அப்பனைக் குத்திக் கொன்ற காரிக் காளையை ஜல்லிக்கட்டில் அணைய, அதாவது பிடித்து அடக்க, வருகிறான் பிச்சி. அணைந்தும் விடுகிறான். ஆனால் நான் இதைக் கொடுக்கச் சொல்வது வேறு காரணத்துக்காக. இளைஞன் நாயகனாக இருந்தாலே அது வளர்பருவக் கதை ஆகிவிடாது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. பிச்சியின் கண்ணுக்குக் காளை முதலிலிருந்து கடைசிவரை ஒன்றுதான்: தீர்க்க வேண்டிய கணக்கு. காளைக்குச் சொந்தக்காரரான ஜமீன்தாருக்குத்தான் அது இரண்டாகிறது. முதலில் பெருமை, பிறகு அவமானம். அந்த அவமானத்தில் தன் காளையைத் தானே சுட்டுவிடுகிறார். பிச்சியும் மாறினான் என்று எந்தப் பையனாவது வாதிட்டால் மறுக்காதீர்கள், எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேளுங்கள். அந்த ஒரு பீரியடில் மாடுபிடி பற்றிய கதைகளும் நாலு வரும். வரட்டும்.

மூன்றாவதாகக் கொடுக்க வேண்டியதைப் பற்றித்தான் நீங்கள் தயங்குவீர்கள் என்று நினைக்கிறேன்: அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்'. நம் பக்கத்தில் பெண்பிள்ளை வயதுக்கு வந்தால் ஊருக்கே தெரியும். தாய்மாமன் சீர், மைக் செட், தெருமுனையில் பிளக்ஸ் என்று தடபுடல். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பிள்ளையிடம் யார் என்ன பேசினார்கள் என்றால், பல வீடுகளில் ஒன்றும் இல்லை. இந்தக் கதை அந்த இடத்தில்தான் நிற்கிறது. அம்மா வெளியூர் போயிருக்கும்போது சிறுமி வயதுக்கு வருகிறாள். தனக்கு என்ன ஆயிற்று என்பதை அம்மா வந்து சொல்லுவாள் என்று காத்திருக்கிறாள். அவளுக்குத் தன் நிறம் கருப்பு என்ற குறை உண்டு. அதை ஆற்றியதும் அம்மாதான். அந்த அம்மா ஊரிலிருந்து வருகிறாள். அங்கே உறவுக்காரப் பெண் ஒருத்தியை, நிறம் கம்மி என்று மாப்பிள்ளை வீட்டார் வேண்டாமென்று சொல்லியிருக்கிறார்கள். அந்த எரிச்சலில் மகளைப் பார்த்து, உனக்கு இதற்குள் என்ன அவசரம் என்கிற மாதிரி ஒரு சொல் விழுகிறது. தலைப்பில் இருக்கும் கொலை அதுதான்.

இந்தக் கதையில் இரண்டு முறை பார்க்கப்படுவது பொருள் இல்லை, அம்மா. இடப்பக்கம் பக்கம் பக்கமாக எழுதலாம், வலப்பக்கம் ஒரே வரிதான் இருக்கும். அந்த அளவு வித்தியாசத்தையே பிள்ளைகள் கவனிக்கட்டும். பையன்கள் சிரிப்பார்கள் என்று பயந்து பெண்பிள்ளைகளை மட்டும் தனியே உட்காரவைக்காதீர்கள். முதல் பாதியை நீங்களே சத்தமாக வாசியுங்கள். மகள் காத்திருக்கிற இடம் வருவதற்குள் சிரிப்பு அடங்கியிருக்கும். அடங்காவிட்டால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொண்டு அடுத்த வாரம் தொடரலாம்.

பாமாவின் தன்வரலாறான 'கருக்கு' மதுரையிலிருந்துதான் 1992-இல் வெளியானது. அதில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பார்த்த ஒரு காட்சி வருகிறது. தெருவில் பெரிய மனுசர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையில் பிடிக்காமல், கட்டியிருக்கும் நூலை மட்டும் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார். பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. வீட்டில் அண்ணனிடம் சொல்லிச் சிரித்தால், அவன் சிரிக்கவில்லை. நம் சாதிக்காரர் கை பொட்டலத்தில் பட்டால் மேல்சாதிக்காரருக்குத் தீட்டு, அதனால்தான் அப்படிப் பிடித்துப் போகிறார் என்று விளக்குகிறான். அதே பொட்டலம், அதே நூல். இந்தப் புத்தகத்தில் வேறு எதையும் எடுக்காவிட்டாலும் இந்த இரண்டு பக்கத்தை எடுங்கள்.

ஆனால் எச்சரிக்கையாக. உங்கள் வகுப்பில் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். வாசிக்க ஒரு பிள்ளையை எழுப்பினால், அது யார் என்பதையே வகுப்பு பார்க்கும். ஆகவே இதையும் நீங்களே வாசியுங்கள். வாசித்ததும் யாரையும் நேருக்கு நேர் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டாம். "உனக்கு இப்படி ஏதாவது நடந்திருக்கா?" என்ற கேள்வியை, இந்தக் கதைக்கு மட்டுமில்லை, எந்தக் கதைக்குமே கேட்காதீர்கள். இலக்கிய வகுப்பு என்ற பெயரில் பிள்ளைகள் தங்கள் வீட்டு ரணத்தை நாற்பது பேர் முன்னால் திறந்துகாட்ட நேர்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எழுதத் தோன்றினால் அவரவர் நோட்டில் எழுதட்டும். அந்த நோட்டை நீங்கள் வாங்கிப் பார்க்கக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' இந்த வரிசையில் எனக்கு மிகப் பிடித்தது, ஆனால் வகுப்புக்கு வேண்டாம். செகந்திராபாத்தில் கிரிக்கெட்டும் சைக்கிளுமாகத் திரிகிற சந்திரசேகரன், 1948-இல் ஐதராபாத் இந்தியாவோடு சேர்கிற கலவரத்தில் கடைசியாகச் சந்திக்கிற காட்சிக்குக் கொஞ்சம் வயது வேண்டும். பள்ளி முடிக்கும்போது "இன்னும் ஏதாவது இருக்கா டீச்சர்?" என்று கேட்கிற பிள்ளைக்குக் கொடுத்து அனுப்புங்கள்.

நேரம் இருந்தால் சிலப்பதிகாரத்துக்கும் போகலாம். கண்ணகிக்குக் கல்யாணம் ஆகும்போது பன்னிரண்டு வயது என்கிறார் இளங்கோ. புகாரில் அவள் அதிகம் பேசுவதே இல்லை. எல்லாம் இழந்து திரும்பி வந்த கணவனிடம் சிலம்பு இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்வதோடு சரி. அதே சிலம்பை இங்கே, மதுரையில், பாண்டியன் அவையில் உடைத்துக்காட்டுகிறாள். இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வாசித்தால் போதும், நடுவில் இருப்பதைக் கதையாகவே சொல்லிவிடலாம். மூலம், தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிவைக்கும் மதுரைத் திட்டத்தின் (Project Madurai) பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

புத்தகங்களுக்கு முதலில் உங்கள் கிளை நூலகத்தில் கேட்டுப்பாருங்கள். அங்கே இல்லாததைப் புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் தேடலாம். 2023-இல் திறந்தது, தமிழ்ப் பகுதி தாராளமாக இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டும் போகலாம். இரண்டு சிறுகதைகளுக்கும் ஒரே பிரதி இருந்தால் போதும், நீங்கள்தானே வாசிக்கப்போகிறீர்கள். 'வாடிவாசல்' மட்டும் பிள்ளைகள் கையில் இருக்க வேண்டும். நாலு பேருக்கு ஒன்று என்ற கணக்கில் வாங்கப் பாருங்கள்.