மெழுகைப் பற்றிக் கேளுங்கள், ஸ்தபதி பேசுவார்

கலைஞர்களை வீடியோ பேட்டி எடுப்பது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஆவணப்பட ஒளிப்பதிவாளர் ஒருவரின் பதில்கள்.

சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் ஸ்தபதி ஒருவரைப் பேட்டி எடுத்தோம். நாற்காலியில் உட்காரவைத்து, ‘உங்கள் கலைப் பயணத்தைச் சொல்லுங்கள்’ என்றோம். ‘அப்பா செய்தார், நானும் செய்கிறேன்’ என்று முடித்துவிட்டார். மறுபடி போகப்போகிறோம். என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவி, கும்பகோணம்

அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கேள்விதான் பொன்னாடை போர்த்தும் மேடைக்கு உரியது.

முதலில் நாற்காலியை எடுத்துவிடுங்கள். அவர் தரையில் உட்கார்ந்து வேலை செய்பவர், கேமராவும் அவர் கண் உயரத்துக்கு இறங்கட்டும். ட்ரைபாட் அவ்வளவு இறங்காவிட்டால் ஒரு பலகைமேல் மணல் பை வைத்து அதில் கேமராவை உட்காரவையுங்கள்.

நானும் அந்த ஊர்ப் பட்டறை ஒன்றில் படம் எடுத்திருக்கிறேன். பெரியவர் காலை முழுக்க ‘ஆமாம்’, ‘இல்லை’ என்றே பதில் சொன்னார். சாப்பாட்டுக்குப் பிறகு, சிலைக்கு முதலில் உருவம் பிடிக்கிற மெழுகைக் காட்டி, “இந்த மெழுகில் என்னங்க ஐயா சேர்ப்பீங்க?” என்று கேட்டேன். ஒரு உருண்டையைக் கையில் எடுத்துப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தார். தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய். வெயில் காலத்தில் எண்ணெயைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் மூக்கும் விரலும் தொய்ந்துவிடும். “எங்கப்பா அளந்தே போடமாட்டார், அமுக்கிப் பார்த்தே சொல்லிடுவார்” என்றார். அங்கிருந்து அப்பா, அடி வாங்கியது, முதல் சிலை என்று எல்லாம் தானாக வந்தது. தென்னை ஓலைக்கீற்றைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு பிரிப்பார்களே, அதைப் பற்றியும் கேளுங்கள். கை செய்துகாட்டும்போது வாயும் கூடவே வரும்.

அவர் பேசும்போது ‘ம்ம்’, ‘ஆமாங்க’ போடாதீர்கள். அது அவர் குரல்மேல் விழுந்துவிட்டால் எடிட்டிங்கில் பிரிக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். பதில் முடிந்ததும் அடுத்த கேள்விக்குப் பாயாமல் கொஞ்சம் சும்மா இருங்கள். பல நேரம் நல்ல வரி அப்போதுதான் வரும்.

அப்புறம், ஒலி. மேலே துண்டு மட்டும் போட்டிருப்பவரிடம் காலர் மைக்கை எங்கே குத்துவீர்கள்? துண்டு நழுவும்போதெல்லாம் சரசரக்கும். பூம் மைக்கை, அதாவது நீளக் கோலில் மாட்டிய மைக்கை, சட்டகத்துக்கு வெளியே, தலைக்கு மேல் பிடிப்பதுதான் நல்லது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். பக்கத்தில் அரம் போடுகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவையுங்கள். டீக் காசையும் பட்ஜெட்டில் எழுதிவிடுவேன் நான். அரச் சத்தம் படத்துக்கு வேண்டும்தான், அதைத் தனியாகப் பதிவுசெய்யுங்கள். எல்லாரும் பேசாமல் இருக்கும்போது பட்டறையின் வெறும் ஒலியையும் ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். வெட்டி ஒட்டிய இடங்களுக்கு அடியில் போட உதவும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடுகிறதே?
– வாசகர், திண்டுக்கல்

மின்சாரத்தோடு சேர்ந்து விளக்கும் மினுங்குவதால் வரும் பட்டை அது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், கேமராவும் அதோடு ஒத்துப்போக வேண்டும். நொடிக்கு 25 ஃப்ரேம் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்துங்கள். அதற்கும் அடங்காத விளக்கு என்றால் அணைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் உட்காருங்கள்.

உலோகம் ஊற்றுவதைப் படமெடுக்க அனுமதி கிடைத்திருக்கிறது. ஒரு கேமரா போதுமா?
– வாசகர், மதுரை

இரண்டு இருந்தால் நிம்மதி. மெழுகு உருவத்தின்மேல் மண் பூசிச் சூடாக்கி, மெழுகு உருகி வெளியேறிய அந்த மண் அச்சைக் குழியில் வாய் மேலாகப் புதைத்து, உருகிய உலோகத்தை ஒரே மூச்சில் ஊற்றுவார்கள். ‘இன்னொரு தடவை’ என்று கேட்க முடியாது. செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும், அந்தச் சூட்டில் அச்சுக்குள் ஈரம் இருந்தால் உலோகம் வெடித்துத் தெறிக்கும். எங்கே நிற்கலாம் என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டிலை வெளியிலேயே வைத்துவிடுங்கள். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை, ஆட்டோவில் விட்டால் உலோகத்தின் ஒளிக்குப் பயந்து முகங்களை எல்லாம் இருட்டாக்கிவிடும், கையால் பூட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் கேள்வி எதுவும் கேட்காதீர்கள்.

பேட்டி கொடுப்பவருக்குப் பணம் கொடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

சொல்லச் சொன்னதைச் சொல்வதற்காக என்றால் கூடாது. அவருடைய அன்றைய வேலை உங்களால் நின்றுபோனால் அந்தக் கூலியைக் கொடுப்பது நியாயம் என்பேன், அதை முன்னாடியே பேசிவிடுங்கள். படம் முடிந்ததும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர் வீட்டில் கொடுங்கள். லிங்க் அனுப்பினால் போதும் என்று நினைக்காதீர்கள், அது பேரனின் போனோடு நின்றுவிடும்.