மார்பகப் புற்றுநோய்க் கட்டிக்கு அதன் சுற்றுப்புறம் எப்படித் துணைபோகிறது?

கட்டிக்குள் இருப்பவை புற்றுநோய்ச் செல்கள் மட்டும் அல்ல. இணைப்புத் திசு, இரத்தக்குழாய், கொழுப்பு, நோய் எதிர்ப்புச் செல்கள் எல்லாம் சேர்ந்ததே அதன் சுற்றுப்புறம். ஈரோட்டு மஞ்சள் விவசாயிக்கு இது எளிதில் புரியும்: விதைக்கிழங்கு ஒன்றே என்றாலும் விளைச்சல் மண்ணைப் பொறுத்தது. ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில மருத்துவர் 1889-லேயே மார்பகப் புற்றுநோய் பரவுவதை விதை, மண் என்றுதான் விளக்கினார்.

ஆனால் புற்றுநோய்ச் செல் என்ற இந்த விதை பொல்லாதது. மண்ணையே தனக்கேற்ப மாற்றிக்கொள்ளும். அது அனுப்பும் வேதிச் செய்திகளால் புதிய இரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. இணைப்புத் திசு நார்களைக் குவித்து இறுக்குகிறது (கட்டி கையில் கெட்டியாகத் தட்டுப்படுவதற்கு இதுவும் காரணம்). காக்க வந்த எதிர்ப்புச் செல்களில் சில, கட்டிக்கே உதவத் தொடங்குகின்றன. மாதவிடாய் நின்ற பின் கொழுப்புத் திசுவில் உண்டாகும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனும் பல கட்டிகளுக்குத் தீனி.

சுற்றுப்புறம் என்றதும் நொய்யல் ஆற்றின் சாயக்கழிவை நினைக்க வேண்டாம். இங்கே பேசுவது உடலுக்குள் கட்டியை ஒட்டியிருக்கும் திசுவைப் பற்றி.