ஞானஸ்நானச் சான்றிதழும் பக்கத்துப் பாடசாலையும்

தங்கச்சி,

ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம் என்று எழுதியிருந்தீர்கள். வாடகை வீட்டு ஜன்னலில் நின்றால் தெரிகிற தூரத்தில் ஒரு கத்தோலிக்கப் பாடசாலை. ஆறு வயது மகனைச் சேர்க்கப் போனால் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார்கள். நாங்கள் சைவம் என்றதும், பத்து நிமிடம் நடந்து பொதுப் பாடசாலைக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். “தனியார் பாடசாலை என்றால் சரி, இது அரசாங்கக் காசில் நடக்கிறதாமே, கனடாவில் மதமும் அரசும் வேறு வேறு இல்லையா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறாரே” என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில் அந்த அக்காவின் யோசனையை விட்டுவிடுங்கள். பொதுப் பாடசாலையில் சேருங்கள். உங்கள் முகவரிக்குரிய பொதுப் பாடசாலை பிள்ளையைச் சேர்த்துத்தான் ஆக வேண்டும், மதம் கேட்க முடியாது. பாடத்திட்டம் இரண்டிலும் மாகாணத்தின் ஒரே பாடத்திட்டம்தான், மாணவர் தலைக்கு அரசு கொடுக்கிற பணமும் ஒரே கணக்குத்தான். இது போதும் என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் நீங்கள் “ஏன்” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே “ஏன்” எனக்கும் பத்து வருடம் தொண்டையில் நின்றது.

மதமும் அரசும் பிரிந்திருப்பது என்று நாம் கேள்விப்பட்டதெல்லாம் தெற்கே இருக்கிற அமெரிக்காவின் கதை. அவர்களுடைய அரசியலமைப்பின் முதலாவது திருத்தத்தில் அது இருக்கிறது. கனடாவின் அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. 1982ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனமே கடவுளின் மேலாண்மையைச் சொல்லித்தான் தொடங்குகிறது. அரசு மத விடயத்தில் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பதை நீதிமன்றங்கள்தான் மெல்ல மெல்லக் கட்டி எழுப்பின. கியூபெக்கில் சாகனே என்ற நகரசபை கூட்டத்துக்கு முன் செபம் சொல்லிவந்ததை உச்ச நீதிமன்றம் 2015இல் நிறுத்தியது அந்த வழியில்தான். ஆனால் அதே சாசனத்தின் 29ஆம் பிரிவு, மதப் பாடசாலைகளுக்கு ஏற்கனவே இருக்கிற உரிமையில் இந்தச் சாசனம் கை வைக்காது என்று சொல்லிவிட்டது. வாசலைப் பூட்டிவிட்டுச் சாவியையும் உள்ளே வைத்த மாதிரி.

அந்த “ஏற்கனவே இருக்கிற உரிமை” 1867இல் கனடா ஒரு நாடாகச் சேர்ந்தபோது செய்த பேரம். நாம் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கர் சிறுபான்மை, கியூபெக்கில் புரட்டஸ்தாந்தர் சிறுபான்மை. உன் ஆட்களை நான் பார்த்துக்கொள்கிறேன், என் ஆட்களை நீ பார்த்துக்கொள் என்று இரண்டு பக்கமும் கை கொடுத்துக்கொண்டன. அதற்கு நான்கு வருடம் முன்னதாக, 1863இல், ஸ்கொட் சட்டம் என்று ஒன்று ஒன்ராறியோக் கத்தோலிக்கருக்குப் பாடசாலை உரிமைகளைக் கொடுத்திருந்தது. 1867 அரசியலமைப்பின் 93ஆம் பிரிவு அந்த உரிமைகளை அப்படியே உறைய வைத்தது. இதனால்தான் சட்டத்தில் இவற்றுக்குத் “தனிப் பாடசாலைகள்” என்று பெயர். தனியார் என்று குழப்பிக்கொள்ளாதீர்கள், முழுக்க முழுக்க வரிப்பணம்.

அந்தக் காலத்தில் இந்தப் பேரத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். “பொது” என்று பெயர் வைத்திருந்த பாடசாலை உண்மையில் புரட்டஸ்தாந்தப் பாடசாலை. கத்தோலிக்கரில் பெரும்பகுதி பஞ்சத்துக்குத் தப்பி வந்த ஐரிஷ் ஏழைகளும் பிரெஞ்சுக்காரரும். பிள்ளையின் வேதம் பறிபோகும் என்ற அவர்களின் பயம் வெறும் கற்பனை இல்லை. பிறகு என்ன நடந்தது என்றால், 1988இல் சட்பரியில் சில பெற்றோர் தொடுத்த வழக்கில், பொதுப் பாடசாலையில் காலையில் கிறிஸ்தவச் செபம் சொல்ல வைப்பது செல்லாது என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுப் பாடசாலை அதோடு உண்மையிலேயே பொதுவானது. ஆகவே இன்றைக்கு இந்தப் பாதுகாப்பு யாரிடமிருந்து என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அவர்களிடமும் நல்ல பதில் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

பாதுகாப்பு குறையவில்லை, கூடியது. பத்தாம் வகுப்பு வரைக்கும்தான் முன்பு அரசுப் பணம். அதற்கு மேல் படித்தால் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டும். 1971இல் முதல்வர் பில் டேவிஸ் அதை மாற்ற மறுத்துத் தேர்தலில் வென்றார். அதே மனிதர் 1984இல் எழுந்து நின்று, இனிமேல் கடைசி வகுப்பு வரை முழுப் பணம் என்று அறிவித்தார். 1986இல் சட்டமானது. 1987இல் உச்ச நீதிமன்றமும் சரி என்றது. இந்தச் சட்டத்தில் உங்களுக்கும் ஒரு துண்டு இருக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

யூதப் பெற்றோரும் வேறு கிறிஸ்தவப் பிரிவினரும், “அப்படியென்றால் எங்கள் பாடசாலைக்கும் தா” என்று வழக்குப் போட்டார்கள். 1996இல் தோற்றார்கள். கத்தோலிக்கருக்குக் கொடுப்பது அரசியலமைப்புப் பேரம், மற்றவர்களுக்குக் கொடுக்கும் கடமை இல்லை என்பதே தீர்ப்பின் சாரம். ரொறன்ரோ யூதத் தகப்பன் ஒருவர் அதோடு விடாமல் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். இது பாகுபாடு என்று 1999இல் அந்தக் குழு சொன்னது: ஒன்றில் எல்லோருக்கும் கொடு, இல்லையென்றால் ஒருவருக்கும் கொடுக்காதே. 2005இல் திரும்பவும் சுட்டிக்காட்டினார்கள். ஒன்ராறியோ அசையவில்லை.

அசையாததற்குக் காரணம் சட்டம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கியூபெக் 1997இல் அரசியலமைப்பைத் திருத்திக்கொண்டு, பாடசாலைகளை நடத்திய கத்தோலிக்க, புரட்டஸ்தாந்தக் கல்விச் சபைகளைக் கலைத்து, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மொழிவாரியாக மாற்றியது. மாகாணமும் ஒட்டாவா நாடாளுமன்றமும் சேர்ந்து கை தூக்கினால் போதும். நியூஃபவுண்ட்லாந்தில் பாடசாலைகள் எல்லாமே திருச்சபைகளின் கையில் இருந்தன. 1997இல் பொதுவாக்கெடுப்பு வைத்தார்கள், வாக்களித்தவர்களில் 73 சதவீதம் பேர் மாற்றத்துக்கு ஆதரவு. அடுத்த வருடம் முடிந்துவிட்டது. ஆகவே 1867இல் கை கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் கையை எடுத்துக் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஒன்ராறியோ மட்டும் காற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

உண்மையான காரணம் வாக்கு. மாகாணத்தில் அரசுப் பணத்தில் படிக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கத்தோலிக்கக் கல்விச் சபைகளில். மாகாணத்தின் 72 கல்விச் சபைகளில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமாக 37 கத்தோலிக்கச் சபைகள். 2007 தேர்தலில் ஜோன் ரோரி என்ற எதிர்க்கட்சித் தலைவர் மற்றைய மதப் பாடசாலைகளுக்கும் பணம் கொடுப்போம் என்று சொல்லிப் பார்த்தார். மூன்று கிழமைக்கு ஊர் முழுக்க இதே பேச்சு. கட்சியும் தோற்றது, அவரும் தன் தொகுதியில் தோற்றார். (பிறகு ரொறன்ரோ நகரபிதாவாக வந்தது வேறு கதை.) அன்றிலிருந்து பெரிய கட்சிகள் இந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை. நானும் அன்று அவருக்கு எதிராகத்தான் வாக்களித்தேன். எல்லா மதத்துக்கும் ஒவ்வொரு பாடசாலை என்று பிரிந்தால் நம் பிள்ளைகள் யாரோடு விளையாடும்? ஒரே பொது அமைப்பு வேண்டும் என்பதே என் நிலை. பசுமைக் கட்சி மட்டும்தான் அதைத் துணிந்து சொன்னது.

ஒரு சின்ன வேடிக்கை: வடக்கே பெனட்டாங்குவிஷீன் என்ற ஊரில் ஒரே ஒரு புரட்டஸ்தாந்தத் தனிப் பாடசாலை இன்னும் அரசுப் பணத்தில் நடக்கிறது. அங்கே பொதுப் பாடசாலையில் கத்தோலிக்கர் அதிகமாக இருந்த காலத்தின் மிச்சம்.

சரி, உங்கள் வீட்டுக் கதைக்கு வருவோம். ஞானஸ்நானம் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், அது ஒரு கடதாசியோடு முடிவதில்லை. பங்குத் தந்தை பெற்றோருக்கு வகுப்பு வைப்பார், பிள்ளையைக் கத்தோலிக்கனாக வளர்ப்போம் என்று கோயிலில் நின்று வாக்குக் கொடுக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் வகுப்புப் பிள்ளைகள் முதல் நன்மைக்கு, அதாவது முதல் தடவை நற்கருணை வாங்கும் சடங்குக்குத் தயாராவார்கள், பிறகு ஏழாம் எட்டாம் வகுப்பில் உறுதிபூசுதல் என்ற அடுத்த சடங்கு. நம்பிக்கை இருந்து செய்தால் அது நல்ல விடயம், எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. பத்து நிமிட நடையை மிச்சம் பிடிக்கச் செய்தால், ஆறு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் ஒன்று வெளியில் ஒன்று என்று பொய் பழக்குவதாக முடியும். உண்மையான கத்தோலிக்கருக்கும் அது மரியாதை இல்லை. ஒருவேளை உங்கள் கணவர் கத்தோலிக்கராக இருந்தால் நிலைமை வேறு, பெற்றோரில் ஒருவர் கத்தோலிக்கர் என்றாலே பல சபைகள் பிள்ளையைச் சேர்க்கும். விதி சபைக்குச் சபை மாறும்.

ஒன்பதாம் வகுப்பில் கதவு தானாகத் திறக்கும். நான் சொன்ன அந்தத் துண்டு இதுதான். இடமிருந்தால் கத்தோலிக்க உயர்பாடசாலை எந்த மதத்துப் பிள்ளையையும் சேர்க்க வேண்டும். நம்மவர்களில் நிறையப் பேர் அப்படி அனுப்புகிறார்கள். கேட்டால் ஒழுக்கம் என்பார்கள். சீருடைதான் காரணம் என்று நான் சந்தேகிக்கிறேன். சீருடையில் பிள்ளையைப் பார்த்தால் நமக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

என் மகளும் 2012இல் அப்படித்தான் போனாள். ஆண்டுக்கு ஒரு சமய பாடம். பத்தாம் வகுப்பில் அந்த நேரத்துக்குக் கணினிப் பாடம் எடுக்க ஆசைப்பட்டாள். விலக்குக் கேட்டு அலுவலகத்துக்குப் போனேன். “எங்கள் பாடசாலைக்கு வந்தால் சமய பாடம் கட்டாயம்” என்றார்கள். மாகாணக் கல்விச் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் படித்துவிட்டுத் திரும்பப் போனேன். பொதுச் சபைக்குரிய மாணவரின் பெற்றோர் எழுத்தில் கேட்டால் விலக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அப்போது அலுவலகத்தில் இருந்த அம்மா கணினியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “நீங்கள் கத்தோலிக்கச் சபையின் ஆதரவாளர் என்று பதிவாகியிருக்கிறதே?”

2003இல் வீடு வாங்கியபோது கையெழுத்துப் போட்ட கத்தைக்குள் ஒரு படிவம், உங்கள் கல்வி வரி எந்தச் சபைக்கு என்று. யாரோ எனக்காகக் கத்தோலிக்கப் பெட்டியில் புள்ளடி போட்டிருக்கிறார்கள், நான் படிக்காமல் ஒப்பமிட்டிருக்கிறேன். கத்தோலிக்கர் அல்லாதவர் அப்படிப் பதியவே முடியாது என்பதுகூட எனக்கு அப்போது தெரியாது. மாற்றிப் பதிந்து, கடிதம் எழுதி, இரண்டு மாதம் அலைந்து வாங்கினேன். அதே காலத்தில், 2014இல், பீல் பகுதி மாணவர் ஒருவர் நீதிமன்றம் போய், விலக்கு என்றால் திருப்பலிப் பூசைக்கும் தியான நாட்களுக்கும் சேர்த்துத்தான் என்று தீர்ப்பு வாங்கினார். அது முன்னமே வந்திருந்தால் என் சப்பாத்துத் தேய்ந்திருக்காது.

இவ்வளவும் செய்து முடிக்க, பதினோராம் வகுப்பில் உலக மதங்கள் என்ற சமய பாடத்தை மகள் தானாகவே எடுத்தாள். ஒருநாள் இரவு சாப்பிடும்போது சைவ சித்தாந்தத்தில் பாசம் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டாள். அன்பு என்றேன். அது இல்லை அப்பா, உயிரைக் கட்டிவைக்கிற கட்டு என்று அவளே விளக்கினாள்.

அந்தப் படிவம் பற்றி இன்னொன்று. 1998 முதல் பாடசாலைகளுக்குப் பணத்தை மாகாணமே மாணவர் எண்ணிக்கைப்படி பிரிக்கிறது, ஆகவே எந்தப் பெட்டியில் புள்ளடி போட்டாலும் காசு இடம் மாறாது. மாறுவது வாக்கு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அக்டோபரில் நகரசபைத் தேர்தலோடு எந்தச் சபையின் உறுப்பினருக்கு வாக்களிப்பீர்கள் என்பதை அந்தப் பெட்டிதான் தீர்மானிக்கும். குடியுரிமை கிடைத்த பிறகுதான் அது உங்களுக்கு வரும், என்றாலும் இப்போதே சரியாகப் பதிந்து வையுங்கள். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இது உண்டு.

கடைசியாக, ஊரில் ஆசிரியராக இருந்தேன், இங்கே இரண்டு சபைக்கும் விண்ணப்பிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இந்த அமைப்பில் எனக்கு ஆகக் கூடிய கோபம் இந்த இடத்தில்தான். கத்தோலிக்கச் சபைகள் வேலைக்குக் கத்தோலிக்கரைத் தேர்ந்தெடுக்கலாம், பங்குத் தந்தையின் கடிதம் கேட்பார்கள், அதை நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. உங்கள் வாடகைக்குள் இருக்கிற வரியில் சம்பளம் கொடுக்கிற வேலைக்கு நீங்கள் விண்ணப்பிப்பதில் பலன் குறைவு. ஆசிரியர்களுக்கு உரிமம் வழங்குகிற அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியில் (Ontario College of Teachers) பதிவை முதலில் தொடங்குங்கள், சான்றிதழ்களை வரவழைக்கவே மாதக் கணக்காகும். அதுவரை பொதுச் சபையின் தமிழ் வகுப்புகளில் கற்பிக்க ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

மகனைப் பதியப் போகும்போது பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, குடிவரவுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம் நான்கையும் கொண்டு போங்கள். படிவத்தில் சமயம் என்று ஒரு கட்டமும் இருக்காது.